ஸ்ட்ராட்டோஸ்பியர்: படை மண்டலமா, மீள் அடுக்கா?

வளிமண்டலத்தில் தரையிலிருந்து இரண்டாவதாக உள்ள அடுக்கைக் குறிக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் மீள் அடுக்கு என்ற பெயர் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் அதையே படை மண்டலம் என்கின்றன. அடுக்கு மண்டலம் என எழுதுவோரும் உள்ளனர். மூன்றும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்பதை அறியாமல், வேறு வேறு அடுக்குகள் என மயங்கும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

மூலச் சொல்லின் முன்பாதி லத்தீன். ஸ்ட்ராட்டம் என்றால் விரித்துப் பரப்பப்பட்டது, அதாவது அடுக்கு. பின்பாதியாகிய ஸ்பியர், கோளம் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து இப்பெயரை அமைத்தவர் பிரெஞ்சு வானிலை அறிஞர் லியோன் தெசெரான் த போர். பாரிஸுக்கு அருகிலுள்ள திராப் என்னும் ஊரிலிருந்து, வெப்பநிலையைத் தானே பதியும் கருவிகளைக் கட்டி இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களை அவர் பறக்கவிட்டார். உயரம் கூடக்கூடக் குளிர்ந்துகொண்டே போன காற்று, ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர்வதை நிறுத்திவிட்டதாகக் கருவிகள் காட்டின. வெயில் கருவியைச் சுடுவதால் நேர்ந்த பிழையோ என்ற ஐயத்தைப் போக்க இரவிலும் பலூன் விட்டுப் பார்த்த பிறகே, 1902இல் அவர் இதை அறிவித்தார். கீழே காற்று ஓயாமல் புரண்டு கலக்கும் பகுதிக்கு, திரும்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக் கொண்டு டிரோபோஸ்பியர் என்றும், மேலே கலக்காமல் கிடையாகப் படிந்து கிடக்கும் பகுதிக்கு ஸ்ட்ராட்டோஸ்பியர் என்றும் பின்னர் பெயரிட்டார்.

இந்த எல்லையை வெறுங்கண்ணாலும் உணரலாம். கோடை மாலையில் இடியோடு எழும் கார்திரள் மேகத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால், காலிபிளவர் போலப் பொங்கிக்கொண்டே போகும் அதன் தலை, ஓர் உயரத்துக்கு மேல் ஏற மாட்டாமல், கொல்லன் பட்டறைக்கல்லைப் போலத் தட்டையாகப் பக்கவாட்டில் விரிவது தெரியும். மேகம் முட்டி நிற்கும் அந்த இடமே மேலடுக்கின் அடித்தளம். நம் பக்கத்து வானில் அது 16, 17 கிலோமீட்டர் உயரத்திலும், துருவங்களில் 8 கிலோமீட்டர் அளவிலும் இருக்கிறது.

காற்று அங்கே ஏன் படிந்து கிடக்கிறது என்பதற்கு விடை வேதியியலில் இருக்கிறது. 242 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிர், ஆக்சிஜன் மூலக்கூற்றை இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. பிரிந்த அணு மற்றோர் ஆக்சிஜன் மூலக்கூற்றோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. அந்த ஓசோனும் புறஊதாக் கதிரை உண்டு பிளந்து, மீண்டும் சேர்கிறது. இச்சுழற்சியை 1930இல் ஆங்கிலேய அறிஞர் சிட்னி சாப்மன் விளக்கினார். உள்வாங்கிய கதிரின் ஆற்றல் ஒவ்வொரு சுற்றிலும் வெப்பமாக வெளிப்படுவதால் இந்த அடுக்கு மேலிருந்து சூடேறுகிறது. சூடான, இலேசான காற்று மேலேயும் குளிர்ந்த, கனமான காற்று கீழேயும் இருந்தால் புரள்வதற்குக் காரணமே இல்லை. இவ்வளவையும் செய்யும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் தடிப்புத்தான் தேறும். அதை அளக்க ஆங்கிலேய இயற்பியலாளர் டாப்சன் அமைத்த கருவிகளுள் ஒன்று 1920களின் இறுதியிலேயே கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்துவிட்டது.

படிந்து கிடப்பதன் விளைவையும் சொல்ல வேண்டும். கீழடுக்கில் சேரும் கந்தகத் துகளைச் சில நாள்களில் மழை கழுவிவிடும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை மேலடுக்கு வரை எறிந்த கந்தக டைஆக்சைடோ, கந்தக அமிலத் துளிகளாக மாறி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி, உலகின் சராசரி வெப்பநிலையை அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தணித்தது. அங்கே மழை கிடையாது, கீழ்மேல் கலப்பும் மிகக் குறைவு. முன்பு குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்களிலிருந்து புறஊதாக் கதிர் பிரித்தெடுக்கும் ஒரு குளோரின் அணு, ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும் அளவுக்கு நிலைத்திருப்பதும் இதே சூழலில்தான்.

இத்தனையையும் மனத்தில் வைத்துப் பார்க்கும்போது படை மண்டலம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. படை என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்குச் சேனைதான் தோன்றும். ஆனால் அடுக்கு என்ற பொருளும் அச்சொல்லுக்கு அகராதியில் உண்டு. நாம் ஓசோன் படலம் என்பதை ஈழத்தமிழர் ஓசோன் படை என்றே எழுதுகிறார்கள். மீள் அடுக்கு என்பது வெப்பநிலை மீண்டும் ஏறுவதைக் கருதி அமைந்தது எனக் கொள்ளலாம். ஆனால் எது மீள்கிறது என்று பெயர் சொல்லவில்லை. ஒன்று மீள்வதாக வேறு தோன்றச் செய்கிறது. அடுக்கு மண்டலம் பொருளில் பிழையற்றது. எல்லாமே அடுக்குகளாக இருக்கையில் இதை மட்டும் அடுக்கு என்பதுதான் இடர்.

டிரோபோஸ்பியருக்கு இலங்கையில் வழங்கும் மாறன் மண்டலம், மாறுதலைக் கருதிய ஆக்கம். கேட்டதும் பாண்டியன் நினைவுக்கு வந்தால் வாசகரைக் குறைசொல்ல முடியாது. புறநானூற்றின் முப்பதாம் பாட்டு, ஞாயிற்றின் மண்டிலத்தையும் ‘வளி திரிதரு திசையும், வறிது நிலைஇய காயமும்’ (காயம் என்றது ஆகாயத்தை) சேர்த்துச் சொல்லி, இவற்றைச் ‘சென்று அளந்து அறிந்தோர் போல’ அளவு கூறுவோரும் உளர் என்கிறது. இதை வைத்துச் சங்கப் புலவர் வளியடுக்குகளை அறிந்திருந்தார் என்று வாதிடுவது வீண். காற்று திரியும் இடம் என்ற அத்தொடர், டிரோபோஸ்பியரின் பொருளுக்கு வேறெந்தத் தமிழாக்கத்தையும்விட நெருக்கமாக இருக்கிறது என்பது மட்டும் உண்மை. திரிவளி மண்டலம் என்று ஆக்கிக்கொள்ளத் தடையில்லை.

தெர்மோஸ்பியருக்கு மட்டும் இலங்கை வழக்கை ஏற்பது கடினம். வெப்ப மண்டலம் என்றால் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி என்பது இங்கே ஊன்றிவிட்ட பொருள். 80 கிலோமீட்டருக்கு மேலுள்ள அந்த வளியடுக்குக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலின் வெப்ப அடுக்கே போதும்.