மீசை தேய்ந்த மீன்கள்: கோரிடோராஸுக்கு மணல் ஏன் வேண்டும்

போன ஆடி மாதம் ஒரு வீட்டுக்குத் தொட்டி பராமரிப்புக்காகப் போயிருந்தேன். மூன்றடித் தொட்டி, தண்ணீர் நல்ல தெளிவு, கீழே நீலமும் சிவப்புமாகக் கலர் கிராவல் (சரளைக்கல்), அதன் மேல் தரையோரம் திரியும் மீசை மீனான கோரிடோராஸ் ஐந்து. டார்ச் அடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தால் நான்கு மீன்களுக்கு மீசையே இல்லை, வாயோரத்தில் முளை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்றுக்கு மூக்குநுனி சிவந்து புண்ணாகியிருந்தது. "கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தாங்க சார், தனியா சாப்பாடு எதுவும் போடறதில்லை" என்றார் வீட்டுக்காரர். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னது அப்படி.

இந்த 'டேங்க் கிளீனர்' என்ற பெயர்தான் எத்தனையோ அடித்தள மீன்களைக் கொல்கிறது. எந்த மீனும் இன்னொரு மீனின் கழிவைத் தின்று வாழாது. கோரிடோராஸ் தென் அமெரிக்க ஆறுகளில் மணல் தரையைக் கிளறிப் புழு, பூச்சி தேடித் தின்னும் மீன். அந்த மீசைதான் அதற்கு நாக்கும் விரலும். நல்ல மணலில் விட்டுப் பாருங்கள்: கண் வரைக்கும் முகத்தைப் புதைக்கும், ஒரு வாய் அள்ளும், தீனியை வைத்துக்கொண்டு மணலை மட்டும் செவுள் வழியாக விடும், செவுள் மூடிக்குக் கீழே மணல் மெல்லிய தாரையாகக் கொட்டும். நம்ம ஊர் அயிரையும் இதே வேலையைத்தான் செய்கிறது. மதுரைப் பக்கம் அயிரையை உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்த பிறகுதானே குழம்பு வைப்பார்கள்! அந்த வாய்க்குள் போக முடியாத அளவு கல்லைத் தரையாகக் கொடுத்தால் அது எப்படிச் சாப்பிடும்?

கிராவலின் கூரான முனை மீசையைக் கிழிப்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை, தீனித் துணுக்கெல்லாம் கல்லிடுக்கில் இறங்கி அழுகுவது. மீன் நாள் முழுக்க முகத்தை வைப்பது அந்த அழுகலில்தான், காயம் ஆறவே ஆறாது. மணல் போட்டால் சீக்கிரம் அழுக்காகிவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். மணலில் அழுக்கு மேலேயே கிடப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். தெரிகிற அழுக்கை சைஃபன் குழாயை ஓர் அங்குலம் உயரத்தில் பிடித்து இரண்டு நிமிடத்தில் உறிஞ்சிவிடலாம்.

சரி, எந்த மணல்? எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம், அது பாறையை உடைத்து எடுப்பது, விளிம்பெல்லாம் கூர். கடல் மணலும் வேண்டாம், உப்பைக் கழுவினாலும் சிப்பித் துகள் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். நீச்சல்குள ஃபில்டரில் போடும் சிலிக்கா மணல், 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் அளவில், பெரும்பாலும் சரியாக இருக்கும். சலித்த பழைய ஆற்று மணல் கிடைத்தால் அதுவும் நல்லது. எதுவானாலும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேயுங்கள், குத்தினால் விட்டுவிடுங்கள். ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மூன்றடி நீளம், ஓரடி அகலத் தொட்டிக்கு நான்கு சென்டிமீட்டர் உயரம் போட ஏறக்குறைய 17 கிலோ ஆகும். அதற்கு மேல் குவிக்க வேண்டாம், ஆழமான மணலில் காற்று போகாமல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அரிசி களைவது போலப் பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கழுவுங்கள், எட்டு பத்து தண்ணீராவது மாற்ற வேண்டியிருக்கும்.

தொட்டியில் அலங்காரத்துக்கு மரத்துண்டு வைப்பதானால், மணல் போடுவதற்கு முன்பே அதை வைத்துவிடுங்கள். இதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மணல் மேல் மரத்தை வைத்தால் மீன் அடியில் தோண்டத் தோண்ட மரம் சரியும், கண்ணாடி விரிசல் விட்ட தொட்டியையும் நான் பார்த்திருக்கிறேன். மரம் கண்ணாடித் தரையில் அசையாமல் உட்கார வேண்டும், அப்புறம் சுற்றிலும் மணல். மிதக்கிற மரத்தைக் கல்லில் திருகி முடுக்குவதானால் கிரானைட் துண்டு போதும், கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை என்பதால் தவிர்த்துவிடுங்கள். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும் டிரிஃப்ட்வுட் என்ற தொட்டி மரத்தையும் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றி ஊறவைப்பது என் வழக்கம். கடற்கரையில் பொறுக்கிய மரத்தில் உப்பு ஏறியிருக்கும், பைன் மாதிரிப் பிசின் வடிகிற மரமும் ஆகாது.

ஊறவைத்த பிறகும் தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வரலாம். அது மரத்திலிருந்து இறங்கும் டானின் என்ற சாயம், மீனுக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் அமிலமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள், சென்னையின் கடினமான போர் தண்ணீரில் பிஎச் அவ்வளவு எளிதில் இறங்காது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் மரத்தின் மேல் வெள்ளையாகக் கொழகொழவென்று படரும், அதுவும் தானாகப் போய்விடும், பதறி மருந்து ஊற்றாதீர்கள். மரத்தடியில் ஒரு குகை மாதிரி நிழல் விடுவது முக்கியம், வெளிச்சத்தில் ஒளிய இடமில்லாத மீன் மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கும்.

சென்னை வெயிலுக்கு எந்த கோரிடோராஸ் என்று கேட்பவர்களுக்கு ஸ்டெர்பை வகையைத்தான் சொல்கிறேன், அது மற்ற பல வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். பாண்டா வகை குளிர்ந்த தண்ணீர் மீன், சித்திரையில் 30 டிகிரி தாண்டும் தொட்டியில் அதை விடுவது பாவம். ஆறு மீனாவது சேர்த்து வாங்குங்கள், கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக வெளியே வரும். மீனை விடுவதற்கு முன் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர வேண்டும், நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கோரிடோராஸ் அவ்வப்போது விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துத் திரும்பும், குடல் வழியாகவும் மூச்சு விடக்கூடிய மீன் அது. அடிக்கடி போனால்தான் ஆக்சிஜன் குறைவு.

அந்த வீட்டில் கிராவலை எடுத்துவிட்டு மணல் போட்டோம். ஃபில்டர் ஸ்பாஞ்சை அந்த மாதம் தொடவே இல்லை, பாக்டீரியா போய்விடக் கூடாது. இரவில் விளக்கணைத்த பிறகு மூழ்கும் தீனி வில்லை போடப் பழக்கினேன். மூக்குப் புண் மூன்று வாரத்தில் ஆறியது, மூன்று மீன்களுக்கு மீசை மெல்ல மெல்ல வளர்ந்துவிட்டது. அடிவரை தேய்ந்துபோன ஒன்றுக்கு மட்டும் வளரவில்லை. அது மற்றவை கிளறிய இடத்தில் பின்னாலேயே போய்ப் பொறுக்கித் தின்கிறது, அதற்காக மரத்தடியில் ஒரு வில்லை கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.