தப்பு பாஸ்வேர்டில் இல்லை

ஒரு சனிக்கிழமை ராத்திரி, பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில் பதறினார். "சார், ரூட் லாகின் ஆகல. யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல." ரூட் என்பது லினக்ஸ் சர்வரில் முழு அதிகாரமுள்ள கணக்கு. எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போனால் 'பெர்மிஷன் டினைட்'. சுடோ (ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் வசதி) உரிமையுள்ள இன்னொரு கணக்கை வைத்து மூன்று முறை ரூட் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார்களாம். அதே பதில்.

லாக் ஃபைலைத் திறந்தேன். உபுண்டுவில் அது ஆத்.லாக். அதில் பளிச்சென்று ஒரு வரி: இசட்எஸ்எச் என்ற ஷெல்லே இல்லை, அதனால் ரூட்டுக்கு அனுமதி இல்லை. ஷெல் என்றால் லாகின் ஆனதும் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம். எப்போதோ ஒருவர் ஆசைப்பட்டு ரூட்டின் ஷெல்லை இசட்எஸ்எச்சுக்கு மாற்றியிருக்கிறார். இன்னொருவர் டிஸ்க்கில் இடம் பிடிக்க வேண்டாத பேக்கேஜ்களை நீக்கும்போது அதையும் தூக்கிவிட்டார். (ரூட்டை நேரடியாக எஸ்எஸ்எச்சில் விடுவதே தப்பு. அது வேறு பஞ்சாயத்து.)

இடிசி பாஸ்வேர்ட் ஃபைலில் ஒவ்வொரு கணக்கின் வரியிலும் ஏழாவதாக, கடைசியாக இருப்பதுதான் ஷெல்லின் பாதை. அந்தப் பாதையில் ஷெல் இல்லையென்றால், எஸ்எஸ்எச்சை நடத்தும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் சரியான பாஸ்வேர்டையும் ஏற்காது. பாஸ்வேர்ட் தப்பானாலும் ஷெல் காணாமல் போனாலும் வெளியே சொல்வது ஒரே பதில்தான். எல்லாரும் பாஸ்வேர்டைப் பிடித்துத் தொங்குவது அதனால்தான். நேரடி கன்சோலில் பிழைச்செய்தி மின்னி மறைந்து, மறுபடி லாகின் கேட்கும்.

சுடோ கணக்கு இருந்தால் பிழைத்தீர்கள். 'சுடோ -ஐ' தோற்கும், அது ரூட்டின் ஷெல்லைத் தேடுகிறது. ஆனால் சுடோவோடு நேரடியாகக் கொடுக்கும் கட்டளை ஓடும். 'சுடோ யூசர்மாட் -எஸ் /பின்/பேஷ் ரூட்', முடிந்தது. வேறு கணக்குக்கு மாறும் 'சு' கட்டளையில் 'சு -எஸ்' என்று வேறு ஷெல்லைக் கேட்கலாமே என்பார்கள். பழுதான பாதை, அனுமதியுள்ள ஷெல்களைச் சொல்லும் இடிசி ஷெல்ஸ் பட்டியலில் இல்லையென்றால், சாதாரணப் பயனரின் அந்தக் கோரிக்கையை சு கண்டுகொள்ளாது.

சுடோவும் இல்லையா? கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் 'இனிட்=/பின்/பேஷ்' சேர்த்து பூட் செய்யுங்கள். டிஸ்க் படிக்க மட்டுமே திறந்திருக்கும். எழுதும்படி ரீமவுன்ட் செய்துவிட்டு அந்த ஏழாவது புலத்தைத் திருத்துங்கள். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு உள்ள ரெட் ஹேட் வகைகளில், ரீபூட்டுக்கு முன் ரூட் டைரக்டரியில் '.ஆட்டோரீலேபிள்' என்ற காலி ஃபைலை உருவாக்க மறந்தால் அடுத்த தலைவலி காத்திருக்கிறது.

சாதாரணப் பயனர் இல்லாத ஷெல்லைக் கொடுத்தால், ஷெல்லை மாற்றும் சிஎச்எஸ்எச் கட்டளை லினக்ஸில் மறுத்துவிடும். யூசர்மாட் அதிகபட்சம் எச்சரிக்கும், ஆனால் மாற்றிவிடும். ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் இதற்கென்றே ரூட்டைத் திருப்பிப்போட்டு 'டூர்' என்று இரண்டாவது கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆசைக்கு அதன் ஷெல்லை மாற்றிக்கொள்ளலாம். நான் ரூட்டின் ஷெல்லைத் தொடுவதே இல்லை. தொட்டே ஆகவேண்டுமென்றால், இருக்கும் செஷனை மூடாமல் இன்னொரு விண்டோவில் லாகின் ஆகிப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

அன்று ஷெல்லைச் சரிசெய்ய ஒரு நிமிடம்தான் ஆனது. அப்புறம், மூன்றாவதாக வைத்த பாஸ்வேர்ட் எது என்று யாருக்கும் நினைவில்லாமல், நான்காவது முறையும் மாற்றினோம்.