'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' பேனரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

டிகிரி ரிசல்ட் வந்தால் போதும், மதுரையில் காளவாசலில் இருந்து மாட்டுத்தாவணி வரை 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்', அதாவது படித்த எல்லோருக்கும் கல்லூரியே வேலை வாங்கித் தரும் என்ற பேனர்கள் முளைத்துவிடும். அதை நம்பி, நகையை அடகு வைத்துப் பிள்ளையை எம்.பி.ஏ. சேர்க்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து "காலேஜ் வேலை வாங்கித் தரலையே" என்று ரெஸ்யூமேயோடு நிற்கிறார்கள். ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சி. போதும், இந்த வருடமாவது கணக்குக் கேளுங்கள்.

அந்த நூறு எப்படி வருகிறது? ஒரு பேட்சில் 60 பேர். அரியர் இருக்கும் 12 பேருக்குத் 'தகுதி இல்லை'. சொந்தத் தொழில், மேற்படிப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு இன்னும் 10 பேரைக் கழித்தாயிற்று. மீதி 38 பேருக்கும் ஆஃபர் வந்தால், பேனரில் நூறு சதவீதம். கட்டணம் கட்டியது 60 பேர். அந்தக் கணக்கில் இது 63 சதவீதம். ஒரே பையனுக்கு வந்த மூன்று ஆஃபரை மூன்று வேலையாக எண்ணுவதும் உண்டு. அதனால் "எத்தனை ஆஃபர்?" என்று கேட்காதீர்கள். "சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், வேலையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

சராசரிச் சம்பளமும் அப்படித்தான். ஒன்பது பேருக்கு 2.4 லட்சம், ஒருவருக்கு 12 லட்சம் என்றால் சராசரி 3.36 லட்சம், அந்தச் சம்பளம் அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் இல்லை. எல்லோர் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் மீடியன் சம்பளத்தைக் கேளுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரி என்றால் மீடியன் சம்பளம், வேலை பெற்றவர் எண்ணிக்கை எல்லாம் அது கொடுத்த தரவிலேயே இருக்கும்.

இன்னொன்று, சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, கைக்கு வரும் சம்பளம் அல்ல. 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 என்று வீட்டில் நினைக்கிறார்கள். அதில் 15 சதவீதம் டார்கெட்டைத் தொட்டால்தான் வரும் என்று வையுங்கள்: 4,500 போயிற்று. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 15,000 என்றால் கம்பெனி பங்கு பி.எஃப். 1,800, உங்கள் பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 721. மிஞ்சுவது 21,000 சொச்சம். சென்னையில் அறை எடுத்துத் தங்கி, வீட்டுக்கும் அனுப்ப வேண்டிய பணம் இது. 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்ற பெயரில் வருவதில் பல, வண்டியும் லைசென்ஸும் கேட்கும் ஃபீல்டு சேல்ஸ், கடன் கலெக்ஷன் வேலைகள். கேவலமான வேலை இல்லை. ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

அப்படியானால் நல்ல கல்லூரி எதைத் தரும்? ஆறு முதல் எட்டு வார இன்டர்ன்ஷிப், வந்து கேள்வி கேட்கும் தொழில்துறை ஆட்கள், போன் எடுக்கும் பழைய மாணவர்கள், மாதிரி நேர்முகத் தேர்வு. இதில் இன்டர்ன்ஷிப்பைத்தான் நம் பிள்ளைகள் பாழாக்குகிறார்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்: நூறு பேரிடம் கேள்வித்தாள், கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனைக்கு ஓர் அட்டவணை, ஸ்பைரல் பைண்டிங். "எந்தக் கடைக்காரரிடம் கேட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி போட்டால் அத்தனையும் சரிந்துவிடும். அதைவிட, கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையிலோ கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டிலோ ஆறு வாரம் நில்லுங்கள். எந்தச் சரக்குக்கு எத்தனை நாள் கடன், எந்த ஊர் வசூல் எந்தக் கிழமை வருகிறது, எது தேங்குகிறது என்று எக்செல்லில் ஏற்றி பிவட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) போட்டு வாருங்கள். நேர்முகத்தில் அரை மணி நேரம் பேச உங்களுக்கு விஷயம் இருக்கும்.

சேர்வதற்கு முன், ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் அந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா பாருங்கள். பல்கலைக்கழகத்தோடு இணையாமல் தனித்து இயங்கும் நிறுவனங்கள் தரும் பி.ஜி.டி.எம். (மேலாண்மை முதுநிலை டிப்ளமோ) ஒரு டிப்ளமோதான், பட்டம் இல்லை. பின்னால் பி.எச்.டி., அரசு வேலை என்ற எண்ணம் இருந்தால் அது எம்.பி.ஏ.வுக்குச் சமம் என்று ஏ.ஐ.யூ. (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) தரும் சமநிலை உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தயவுசெய்து ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்துவிட்டது. அதே அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் சிறு தொகை போக முழுக் கட்டணமும் திரும்ப வரும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒரு ரூபாயும் வராது. விலகல் கடிதத்தைத் தேதி போட்டுக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.