ஆன்டிபாடி இருந்தும் எச்.ஐ.வி ஏன் அழிவதில்லை?

எச்.ஐ.வி பரிசோதனை பெரும்பாலும் தேடுவது ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே செய்கிற புரதத்தை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிற அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: "எதிர்ப்பு இருக்குன்னுதானே ரிசல்ட் சொல்லுது, பொறவு ஏன் சீக்கு போகல?" ரொம்பச் சரியான கேள்வி.

ஒருவர் உடம்பில் இருப்பது ஒரே மாதிரி வைரஸ் இல்லை, அதுதான் காரணம். உடலுறவு வழியாகத் தொற்றும்போது பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. ஆனால் அதன் மரபுச்சரமான ஆர்.என்.ஏ-வை டி.என்.ஏ-வாகப் பெயர்க்கிற நொதிக்குப் பிழை திருத்தும் வழக்கமே கிடையாது. நம்ம நெல்லைக் கவிராயர் வீடுகளில் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது பாடபேதம் விழுந்தது போலத்தான். ஆனால் இங்கே வேகம் பயங்கரம். சிகிச்சை எடுக்காதவர் உடம்பில் தினமும் 1,000 கோடி வைரஸ் வரை புதிதாக உருவாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரபுச்சரம் சுமார் 9,700 எழுத்து நீளம், சில நகலுக்கு ஒரு பிழை என்று வைத்தாலும், அதன் ஏறக்குறைய எல்லா எழுத்திலும் தினம் எங்காவது ஒரு நகலில் மாற்றம் நடந்துவிடும்.

அந்த மாற்றங்கள் அதிகம் தங்குவது மேற்பரப்பில். வைரஸ் மேல் சொற்பமாக நீட்டிக்கொண்டிருக்கும் முட்களில் ஜி.பி.120 என்றொரு புரதம்; செல்லைப் பிடிப்பது அதுதான், ஆன்டிபாடி குறிவைப்பதும் பெரும்பாலும் அதைத்தான். அதில் வி1 முதல் வி5 வரை ஐந்து பகுதிகள் நிறைய மாறினாலும் வைரஸ் பிழைத்துக்கொள்ளும். போதாததற்கு எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை, அதுவும் நம் செல்லே ஒட்டிவிட்ட சர்க்கரை என்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. ஓர் எழுத்து மாறினால் சர்க்கரை ஒட்டும் இடமும் மாறும், ஆன்டிபாடிக்குப் பிடி கிடைக்காது. அதனால்தான் இன்று எடுத்த ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி அதே ஆளின் சில மாதத்துக்கு முந்தைய வைரஸை நன்றாகத் தடுக்கும், இன்றைய வைரஸை விட்டுவிடும். உடம்பு சும்மா இல்லை, எப்போதும் ஓரடி பின்னால் ஓடுகிறது.

ஆனால் எச்.ஐ.வி தாக்குகிற வெள்ளையணுவான சி.டி.4 செல்லைப் பிடிக்கும் இடத்தை வைரஸ் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, மாற்றினால் உள்ளேயே நுழைய முடியாமல் போகும். சிலருக்கு, பல வருஷம் துரத்திய பிறகு, அந்த இடத்தையே பிடிக்கிற ஆன்டிபாடி உருவாகிறது. அப்படி ஒருவரிடமிருந்து எடுத்து 2010-ல் அறிவித்த வி.ஆர்.சி.01 என்ற ஆன்டிபாடி பெரிய நம்பிக்கை தந்தது. தொற்று வராமல் தடுக்குமா என்று பார்த்த சோதனைகளின் முடிவு 2021-ல் வந்தபோது, அதற்குக் கட்டுப்படுகிற வகைகளை மட்டுமே அது தடுத்திருந்தது. தடுப்பூசி தாமதமாவதற்கு முக்கியமான காரணமும் இந்த மாற்றம்தான்.

மாத்திரை இந்த மேற்பரப்போடு மல்லுக்கட்டுவதே இல்லை. இப்போது பரவலாகத் தரும் மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையில் இரண்டு மருந்து பெயர்த்தெழுதும் நொதியையும், மூன்றாவது மருந்து வைரஸ் நம் டி.என்.ஏ-வுக்குள் செருகிக்கொள்ள உதவும் நொதியையும் தடுக்கின்றன. நகலே எடுக்க முடியாவிட்டால் புது வேஷமும் கிடையாது. ஆனால் அந்த நொதிகளின் மரபணுவிலும் பிழை விழத்தான் செய்யும், ஆகவே நாள் விட்டு நாள் சாப்பிட்டால் மருந்தைத் தாண்டுகிற நகல் தலையெடுக்க இடம் கிடைக்கிறது. அடியோடு நிறுத்தினாலோ, செல்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் பெரும்பாலும் சில வாரத்திலேயே மறுபடி பெருகத் தொடங்கிவிடும்.