மழை வந்தா அந்த அடுப்ப எங்க கொண்டு போவீங்கள்?

போன மாசம் இன்னொரு குடும்பம் வந்தது. அதுக்குப் பிறகுதான் இத எழுதிறன், இல்லாட்டி எழுதிறதுக்கு நேரமும் இல்லை பொறுமையும் இல்லை. கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில அவசர சிகிச்சைப் பிரிவில வேலை செய்யிறன். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதீங்கோ, ஆக்களின்ர விவரத்தையும் கொஞ்சம் மாத்தித்தான் சொல்லுறன்.

தெஹிவளைப் பக்கம் ஒரு வீடு, பெடியனுக்கு 21ஆவது பிறந்தநாள். பின் வளவுக்க பாபிகியூ, கோழி, இறால், சோசேஜ் எல்லாம் ஊற வச்சு, சொந்தக்காரர் எல்லாம் வந்து நிக்க, சரியா ஏழரைக்கு மழை கொட்டத் தொடங்கியிருக்கு. உடன நாலு பெடியள் சேர்ந்து தணலோட அடுப்பத் தூக்கி கராஜுக்குள்ள வச்சிட்டினம். சாரல் அடிக்குது எண்டு ஷட்டரையும் பாதி இறக்கியாச்சு. சமைச்சு முடிச்சு, பிறகு அங்கயே கதிரையப் போட்டு கரம் விளையாடியிருக்கினம். பதினொரு மணிபோல எங்களிட்ட ஆறு பேர். தலையிடி, சத்தி, ஒருத்தன் பாத்ரூம் போற வழியில விழுந்தவன். எல்லாருக்கும் வாயில ஒரே வசனம், "டொக்டர், இறால் பழுது."

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. வந்த ஆறு பேரில ஒராள் பெரியம்மா, வெள்ளியில மச்சம் தொடாதவ. அவவுக்கும் சத்தி. என்ன அம்மா சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டன். "ரெண்டு தோசையும் சம்பலும்தான் தம்பி, அதுவும் வீட்டில இருந்து கொண்டு வந்தது." எங்க இருந்தனீங்கள்? "கராஜுக்குள்ளதான், மழைக்குளிருக்கு அந்தத் தணல் நல்ல இதமா இருந்தது." அவ்வளவுதான், எனக்கு விளங்கிட்டுது. இறால் பாவம், அது ஒண்டும் செய்யேல்ல.

காபன் மொனொக்சைட், தணலில இருந்து வாற நச்சு வாயு. ஆறு பேருக்கும் ஒக்சிசன் மாஸ்க் போட்டு இரத்தம் எடுத்துப் பாத்தா எல்லாருக்கும் கூடத்தான் இருந்தது, விழுந்த பெடியனுக்கு ஆகக் கூட. எல்லாரும் நல்லபடியா வீட்ட போயிட்டினம், அதால இத கொஞ்சம் சிரிச்சுக்கொண்டு எழுத முடியுது. எல்லா முறையும் அப்பிடி இல்லை.

இதில எனக்கு ஆகக் கோவம் வாற விஷயத்த முதல் சொல்லிடுறன். நான் அந்த வீட்டுக்காரரிட்ட கராஜுக்குள்ள ஏன் வச்சனீங்கள் எண்டு கேக்க அவர் சொன்னார், "டொக்டர், புகை ஒண்டும் இல்லை, நல்லா தணலான பிறகுதான் உள்ள கொண்டுவந்தனாங்கள்." இந்தப் பதில நான் எத்தனை தரம் கேட்டிருப்பன் எண்டு கணக்கில்லை. படிச்ச ஆக்கள், எஞ்சினியர்மார் கூட இதத்தான் சொல்லுகினம். ஐயா, புகை வேற, இந்த வாயு வேற. புகை கண்ணுக்குத் தெரியும், கண் எரியும், இருமல் வரும், நீங்களே எழும்பி வெளிய ஓடுவீங்கள். அதால புகையால சாகிறதுக்கு முதல் தப்பிடுவீங்கள். இதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இருமலும் வராது. சிவந்து, மேல சாம்பல் பூத்து, பாக்க வடிவா இருக்கிற தணல்தான் இத அள்ளி விடுறது. புகை நிண்டிட்டுது எண்டா ஆபத்து போயிட்டுது எண்டு இல்லை, உங்கள எழுப்பி விடுற ஒரே மணி அடிக்கிறத நிப்பாட்டிட்டுது எண்டு அர்த்தம். சிரட்டைக் கரி சுத்தமானது, அதில ஒண்டும் வராது எண்டு ஒருத்தர் எனக்கே பாடம் எடுத்தவர். புகை குறைவு, உண்மை. கரி கரிதான்.

பிறகு "ஜன்னல் திறந்து வச்சிருந்தனாங்கள்" கட்சி. ஷட்டரைப் பாதி இறக்கின கராஜும், ஒரு ஜன்னல் திறந்த அறையும், மூண்டு பக்கம் சுவரும் ஒரு பக்கம் கண்ணாடிக் கதவும் உள்ள பல்கனியும் எனக்கு ஒண்டுதான். வெளி எண்டா மேல வானம் தெரியவேணும். வேற விளக்கம் என்னட்ட இல்லை.

இன்னொரு சங்கதி, இது வீட்டில விரலில மாட்டிற ஒக்சிசன் மெஷின் வச்சிருக்கிற ஆக்களுக்கு. கொரோனா காலத்தில வாங்கினது இன்னும் எல்லார் அலுமாரியிலயும் கிடக்குதுதானே. அண்டைக்கு அந்தப் பெரியம்மான்ர விரலில அது 99 காட்டினது. மெஷினில பிழை இல்லை, இரத்தத்தில ஒட்டியிருக்கிறது ஒக்சிசனோ மொனொக்சைட்டோ எண்டு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது, அவ்வளவுதான். அதப் பாத்து "99 இருக்கு, படுத்து எழும்பினா சரியாகும்" எண்டு ஆரையும் படுக்க விடாதீங்கோ. ஒரே இடத்தில இருந்த ரெண்டு மூண்டு பேருக்கு ஒண்டா தலையிடி, சத்தி எண்டா முதல் எல்லாரையும் வெளிய எடுங்கோ, 1990 அம்புலன்ஸுக்கு அடிங்கோ, வாற ஆக்களிட்ட தணல் இருந்தது எண்டு வாயத் திறந்து சொல்லுங்கோ. சும்மா காத்தில விட்டா இது இரத்தத்தில பாதியாகவே நாலஞ்சு மணித்தியாலம் எடுக்கும், நாங்கள் தாற ஒக்சிசனில ஒரு மணி, ஒண்டரை மணியில பாதியாகும். அதால தேசிக்காய்த் தண்ணி குடுத்துப் பாப்பம் எண்டு இருக்காதீங்கோ.

சரி, வாங்கிற கதைக்கு வாறன். டிசம்பர் கிட்ட வர வர சொந்தக்காரர், கூட வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி, எந்த பாபிகியூ நல்லம், காஸா கரியா, என்ன விலை. நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், மழை வந்தா அத எங்க கொண்டு போவீங்கள்? நாங்கள் இருக்கிறது கொழும்பில. மேயில தொடங்கினா தென்மேற்கு மழை, அது முடிய ஒக்டோபர் நவம்பரில பின்னேரம் பின்னேரம் இடியோட மழை. இங்க பாபிகியூ வைக்கிற ஆள் மழைக்கு ஒரு வழி யோசிக்காம அடுப்பு வாங்கினா, அந்த அடுப்பு ஒருநாள் வீட்டுக்குள்ள வரத்தான் போகுது. கடையில நிண்டு நிறம் பாக்கிறதுக்கு முதல் வளவுக்க போய் நில்லுங்கோ. சுவரில இருந்து, கொடியில காயிற உடுப்பில இருந்து, பக்கத்து வீட்டுத் தகரத்தில இருந்து பத்தடி தள்ளி ஒரு இடம் இருக்கா? வெள்ளவத்தை ஒழுங்கைக்குள்ள பாதி வீடுகளில இல்லை. இல்லாட்டி வாங்காதீங்கோ, கோபிக்காதீங்கோ, அவ்வளவுதான்.

இடம் இருக்கிறவைக்கு, கரி அடுப்பு எண்டா மூடி உள்ளதை வாங்குங்கோ. கேத்தல் மாதிரி உருண்டையா, மேலயும் கீழயும் காத்து ஓட்டை திறந்து மூடக் கூடியதா வாறது. மழை வந்தா மூடியப் போட்டிட்டு நீங்கள் மட்டும் உள்ள ஓடலாம், இறைச்சி அதுபாட்டில வேகும். போதும் எண்டா ரெண்டு ஓட்டையையும் மூட, காத்தில்லாம தணல் அணையும். திறந்த அடுப்பில இந்த வசதி இல்லை, அதாலதான் ஆக்கள் தூக்கிக்கொண்டு ஓடுறது. கடையில ஒருக்கா கையால தள்ளிப் பாருங்கோ, ஆடினா வேண்டாம். மெல்லிய மூண்டு கால்ல நிக்கிற சாமானுக்குக் கீழ ரெண்டு வயசுப் பிள்ளை ஓடித் திரியிறத நினைச்சுப் பாருங்கோ. நான் நினைக்கத் தேவையில்லை, பாத்திருக்கிறன்.

பெரலைப் பாதியா வெட்டி அடிக்கிற அடுப்பு எங்கட ஆக்களுக்கு நல்ல விருப்பம், மலிவு, பெரிசு. ஆனா அந்தப் பெரலுக்குள்ள முதல் என்ன இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமா? தெரியாத பெரல வெல்டிங்காரனிட்ட குடுத்து வெட்டச் சொல்லாதீங்கோ, உள்ள மிச்சம் கிடக்கிற ஆவி பத்தினா அவன்ர கதை முடிஞ்சுது. மேல வைக்கிற கம்பிக்குப் பழைய பிரிட்ஜ் தட்டு, கல்வனைஸ் வலை, ரெண்டும் வேண்டாம். சாதாரண இரும்புக் கம்பி, இல்லாட்டி ஸ்டெயின்லஸ். கடலோரம் இருக்கிறவைக்கு இன்னொண்டு, உப்புக் காத்து மலிவு அடுப்ப ரெண்டு வருசத்தில தின்னும். கடைக்குப் போகேக்க ஒரு காந்தத்தக் கொண்டு போங்கோ. நல்ல 304 ரக ஸ்டெயின்லஸில காந்தம் அநேகமா ஒட்டாது. கடைக்காரன் முறைப்பான், முறைக்கட்டும்.

காஸ் அடுப்பு பத்த வைக்க லேசு, ஆனா அதிலயும் ஒரு கூத்து இருக்கு. கனடா மாமா, அவுஸ்திரேலியா சித்தப்பா அனுப்பி விடுற அடுப்பு. அங்க சில வீட்டில பைப்பில வாற இயற்கை வாயு, அதுக்குச் செய்த அடுப்பில ஜெட் ஓட்டை, அதாவது காஸ் வெளிய வாற ஓட்டை, பெரிசு. அத எங்கட சிலிண்டரில பூட்டினா சுவாலை ஆள் உயரத்துக்கு எழும்பும். எந்தக் காஸுக்குச் செய்தது எண்டு அடுப்பின்ர தகட்டில எழுதியிருக்கும், வாசியுங்கோ. இங்க நீலச் சிலிண்டருக்கும் மஞ்சள் சிலிண்டருக்கும் ரெகுலேட்டர் வேற, மாத்தி நெரிச்சுப் பூட்டப் பாக்காதீங்கோ. 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் வெடிச்ச நேரம் எல்லாரும் சவர்க்காரத் தண்ணி போட்டு லீக் பாத்தனாங்கள்தானே, அந்தப் பழக்கம் எங்க போனது? எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரை உள்ள ஹோஸ், புது கிளிப், பூட்டின உடன சவர்க்காரத் தண்ணி. பத்த வைக்கேக்க மூடி திறந்திருக்கவேணும். பத்தேல்ல எண்டா காஸ நிப்பாட்டி, மூடியத் திறந்தபடியே விட்டு, அஞ்சு நிமிஷம் பொறுத்து பிறகு பாருங்கோ. சமையல் காஸ் காத்த விடப் பாரம், கீழ படுத்துக் கிடக்கும், அதால நிலக்கீழ் கார் பார்க்கும் கானோரமும் இதுக்கான இடம் இல்லை.

பிளாட்டில இருக்கிறவை கரண்ட் கிரிலோட திருப்திப்படுங்கோ. 2000 வொட் எண்டா கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும், அத பழைய 5 அம்பியர் உருண்டை பிளக்கில அடப்டர் போட்டு மாட்டினா சுவர் பத்தும். 13 அம்பியர் சொக்கட்டில நேரா மாட்டுங்கோ, சுருட்டி வச்ச எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டாம்.

இனி பத்த வைக்கிற கதை. தயவு செய்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன், பெற்றோல் வேண்டாம். ஸ்பிரிட் வேண்டாம். தணல் அணையிற மாதிரிக் கிடக்கு எண்டு போத்தலோட வந்து ஊத்தாதீங்கோ. ஸ்பிரிட் சுவாலை பகலில கண்ணுக்கே தெரியாது, அணைஞ்சிட்டுது எண்டு நினைச்சு ஊத்தேக்க நெருப்பு ஓடி வந்து போத்தலுக்குள்ள ஏறி, ஊத்தினவனுக்கு இல்லை, அடுப்புக்கு எதிர்ப்பக்கம் நிண்டு பாத்துக்கொண்டிருந்தவனுக்கு அடிக்கும். அப்பிடி முகம் எரிஞ்ச பெடியன் ஒருத்தன் எனக்கு இன்னும் நினைவிருக்கு, அவனுக்கு அந்த பாபிகியூவோட ஒரு சம்பந்தமும் இல்லை, கோக் எடுக்க வந்தவன். கரி பத்த வைக்கிற தகரச் சிம்னி விக்கிது, கீழ பேப்பர், மேல கரி, 20 நிமிஷம் மட்டில தணல். அந்த 20 நிமிஷத்துக்கு உங்களுக்கு என்ன அவசரம்?

எரிஞ்சா ஓடுற பைப் தண்ணி, 20 நிமிஷம், மணிக்கூட்டப் பாத்து. மோதிரம் காப்பு எல்லாத்தையும் வீங்க முதல் கழட்டுங்கோ. பற்பசை, பட்டர், முட்டை வெள்ளைக்கரு, ஐஸ் ஒண்டும் வேண்டாம். நாங்கள் அந்தப் பற்பசையச் சுரண்டி எடுக்கேக்க நீங்கள் கத்திற கத்தில பக்கத்து வார்டு எழும்பும். கொழுப்பு பத்தினா தண்ணி ஊத்தாதீங்கோ, மூடியப் போடுங்கோ, அடங்காட்டி தீயணைப்புப் படைக்கு 110.

கம்பி பிரஷ்ஷால அடுப்புத் தேய்க்கிற பழக்கமும் விடுங்கோ. ஒரு கம்பி மயிர் கழண்டு இறைச்சியில ஒட்டி தொண்டையில போய்க் குத்தி நிக்கும். அமெரிக்காவில 2002இல இருந்து 2014 வரைக்கும் இப்பிடி 1,600 பேருக்கு மேல அவசர சிகிச்சைக்குப் போயிருக்கினம் எண்டு கணக்கெடுத்திருக்கினம். பாதி வெங்காயத்த முள்ளுக்கரண்டியில குத்தி சூட்டுக் கம்பியில தேய்ச்சா காணும். சாம்பல பிளாஸ்டிக் வாளியில கொட்டாதீங்கோ, மேல ஆறின மாதிரி இருக்கும், உள்ள அடுத்த நாளும் தணல் கிடக்கும்.

போன கிழமை அந்தத் தெஹிவளை வீட்டுக்காரர் கோல் எடுத்தவர். பழசக் குடுத்திட்டு மூடி வச்சது ஒண்டு வாங்கப் போகினமாம். எங்க வைக்கப் போறீங்கள் எண்டன். "பின் மதில் பக்கம் டொக்டர், அடி அளந்து பாத்தனான்." மழை வந்தா? "மூடியப் போட்டிட்டு நாங்கள் உள்ள போயிடுவம்." கராஜ்? கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு, "கராஜ் சாவி அம்மாட்ட." பின்னுக்கு இருந்து பெரியம்மான்ர குரல் கேட்டுது, "வெள்ளிக்கிழமையில வைக்கவேண்டாம் எண்டும் தம்பியிட்டச் சொல்லச் சொல்லு."