ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து மினி பிசி வாங்காதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மினி பிசி, வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "அண்ணா, எக்ஸ்போர்ட் போட்டா விடிய விடிய ஓடுதுங்க. இதுல ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுத்துடுங்க" என்றார். போட முடியாது. அதற்கான ஸ்லாட்டும் இல்லை, இடமும் இல்லை, கரண்ட் கொடுக்க வழியும் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு தனியாகவே 170 வாட் கேட்கும். அவருடைய பெட்டி மொத்தமும் 90 வாட் அடாப்டரில் ஓடுகிறது. சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "ஐ7 தானுங்களே வாங்கினேன்?" என்று கேட்டார்.

திருப்பூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற எனக்கு, இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு உண்மையிலேயே மனசு விட்டுப்போகிறது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஐ7 என்பது இன்டெல் கம்பெனியின் ஒரே ஒரு ப்ராசஸர் (கணினியின் மூளை) கிடையாது. அந்தப் பெயரில் டஜன் கணக்கில் ப்ராசஸர்கள் வந்திருக்கின்றன. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் எண்ணையும், கடைசியில் நிற்கிற எழுத்தையும்தான். 12வது தலைமுறையிலேயே இரண்டை எடுத்துக்கொள்வோம். ஐ7-12700 மேசைக் கணினிக்கானது. அதில் வேகமான கோர்கள் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகள்) 8, சிறிய கோர்கள் 4. அடிப்படை மின்தேவை 65 வாட், முழு வேகத்தில் 180 வாட் வரை போகும். ஐ7-1255யு லேப்டாப்புக்கானது. வேகமான கோர்கள் 2, சிறியவை 8. அடிப்படை 15 வாட், உச்சம் 55 வாட். இரண்டின் பெட்டியிலும் ஐ7 ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். தலைமுறையும் ஒன்றே. "12 கோர், 10 கோர், பெரிய வித்தியாசம் இல்லையே" என்பார்கள். எந்தக் கோர் என்று கேட்க மாட்டார்கள். ப்ராசஸரை முழுதாக அழுத்துகிற நீண்ட வேலையில், இந்த 1255யு-வை 6 கோர் கொண்ட சாதாரண ஐ5-12400 மேசைக் கணினி முந்திவிடும். ஐ5, ஐ7-ஐ முந்துமா என்றால், ஆமாம், முந்தும்.

எண்ணின் கடைசியில் யு இருந்தால் மின்சாரம் சிக்கனம், வேகம் அளவானது. எச் இருந்தால் லேப்டாப் வகையில் வலுவானது. டி இருந்தால் 35 வாட்டுக்கு அடக்கி வைத்த மேசை வகை. கே இருந்தால் நல்ல கூலர் கேட்கும். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். முழு மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள், அது போதும்.

வலுவான எச் வகை ப்ராசஸர் போட்ட மினி பிசிகளும் வருகின்றன. அவற்றில் பலவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. கனமான வேலை கொடுத்தால் முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் பறக்கும், அப்புறம் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி அரை இன்ச் குழாயில் மாட்டிய கதைதான். கடையில் பத்து நிமிடம் லேசான வேலையை ஓட்டிக் காட்டும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் ஓடும் வீடியோ எக்ஸ்போர்ட்டில்தான் குட்டு வெளிப்படும்.

அதற்காக மினி பிசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பில்லிங், டாலி, ஜிஎஸ்டி, மெயில், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பெரிய கேபினட்டும் கலர் கலராக எரியும் ஃபேனும் எதற்கு? அப்படி விற்கிறவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 6 வாட் இன்டெல் என்100 ப்ராசஸர் கூட ஒற்றை பில்லிங் கவுண்டருக்குப் போதும். ரேம் 8 ஜிபிக்குக் குறையாமல், எஸ்எஸ்டியோடு இருக்கட்டும். பெரிய சிஸ்டத்தைவிட 40 வாட் மிச்சமானால், தினம் 10 மணி நேரம், 300 நாள் என்று போட்டால் வருஷத்துக்கு 120 யூனிட் மிச்சம். பவர்கட்டில் அதே யூபிஎஸ் வெகு நேரம் தாங்கும்.

சிறியது என்றாலே மெதுவானது என்பதும் தவறு. 2024இல் வந்த ஆப்பிளின் எம்4 மேக் மினி 12.7 செ.மீ. சதுரம்தான், வீடியோ எடிட்டிங்கில் அசத்தும். ஆனால் வாங்கும்போது இருக்கிற ரேம்தான் கடைசி வரைக்கும். பின்னால் ஏற்ற முடியாது. பில்லிங் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி என்று மினி பிசிகள் நிறைய வருகின்றன. நல்ல பெட்டிகள். ஆனால் ஐ7-6700டி போட்டதை "ஐ7 இவ்வளவு மலிவா" என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். அது 2015ஆம் வருஷத்துச் சரக்கு. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8வது தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. அதே இடத்தில் ஐ5-8500டி கிடைத்தால் அதை எடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது, பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் வைத்த மினி பிசியைத் திறந்தால், ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) மீது மெத்தை மாதிரி பஞ்சு படிந்திருக்கும். பெரிய கேபினட்டிலும் படியும். ஆனால் பக்கக் கதவைக் கழற்றி நீங்களே பிரஷ் போட்டுவிடலாம். ப்ளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிடாதீர்கள். மினி பிசியைத் தயவுசெய்து மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். மானிட்டர் பின்னால் மாட்டுங்கள், காற்றோட்டம் கிடைக்கும்.

எடை மெஷினை பில்லிங்கில் இணைத்திருப்பவர்கள் பழைய ஒன்பது பின் காம் போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மினி பிசிகளில் இருக்காது. யூஎஸ்பி கன்வெர்ட்டர் போடலாம், சில மெஷின்களோடு அது மல்லுக்கட்டும்.

எடிட்டிங், த்ரீடி, கேம், நாளைக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போடலாம் என்கிற எண்ணம், நான்கைந்து பெரிய ஹார்ட் டிஸ்க், இதில் எது இருந்தாலும் முழு அளவு கேபினட்டுக்கே போங்கள். வெளியே டாக் (கார்டைச் செருகும் தனிப் பெட்டி) வைத்து கார்டு மாட்டலாம் என்பார்கள். எல்லா மினி பிசியிலும் அதற்கான போர்ட் கிடையாது. டாக், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு எஸ்எம்பிஎஸ், கார்டு என்று கூட்டினால் இடமும் மிச்சமில்லை, பணமும் மிச்சமில்லை. அசெம்பிள்ட் சிஸ்டத்தில் எஸ்எம்பிஎஸ் போனால் அன்றைக்கே வேறு மாற்றிவிடலாம். மினி பிசியில் போர்டு போனால், பலவற்றில் ப்ராசஸரும் அதோடு சால்டர் செய்யப்பட்டிருப்பதால், பெரும்பாலும் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

அடாப்டர் விஷயத்தில் விளையாட வேண்டாம். பின் பொருந்துகிறது என்று வீட்டில் கிடந்த லேப்டாப் அடாப்டரைச் செருகாதீர்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், வாட் குறையக் கூடாது. லேபிளைப் படியுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், என்னென்ன சாஃப்ட்வேர் ஓட்டுவீர்கள், ஒரு வேலை தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடும் என்று ஒரு தாளில் எழுதி, உங்களுக்குத் தெரிந்த டெக்னீஷியனுக்கு அந்தப் பெட்டியின் மாடல் எண்ணோடு அனுப்பிக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவோம், அதற்கு யாரும் காசு கேட்க மாட்டோம்.