உங்கள் விண்ணப்பத்தில் உங்களைக் காணோமே, தம்பி

போன வாரம் திருத்துறைப்பூண்டிப் பையன் ஒருவன் தன்னுடைய எஸ்ஓபியை, அதாவது பிசினஸ் ஸ்கூல் விண்ணப்பத்துக்கான தன்விளக்கக் கட்டுரையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அதே வாரக் கடைசியில் சீர்காழியிலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் கொடுத்த தாளில் இரண்டாவது பத்தியைப் படிக்கும்போதே எனக்குச் சந்தேகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்று. தலைமைப் பண்பு ரத்தத்திலேயே ஊறியதாம். அப்பாவின் விடாமுயற்சியைப் பார்த்து வளர்ந்ததாம். அப்பாவின் தொழில் மட்டும் மாறியிருந்தது. அவனுக்கு உரக்கடை, இவருக்கு ஜவுளிக்கடை. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் காசு கொடுத்து எழுதி வாங்கியது ஒரே ஆளிடம். பையனின் அம்மா வளையல் அதற்காக அடகில் இருக்கிறது.

பிசினஸ் ஸ்கூல் விண்ணப்பங்களுக்கு வழிகாட்டுவதுதான் என் பிழைப்பு. தஞ்சாவூரில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். இப்படி வருவது இது முதல் ஜோடி இல்லை. அதனால் கொஞ்சம் கடுப்போடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தெளிவு. எல்லா எம்.பி.ஏ.வுக்கும் ஒரே கதவு இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வு எழுதி, மாநில அரசின் கலந்தாய்வு வழியாகப் போவது ஒரு பாதை, அங்கே கட்டுரைக்கு வேலையே இல்லை. மத்திய அரசின் மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களின் இரண்டாண்டுப் படிப்புக்குக் கேட் (CAT) நுழைவுத்தேர்வு மதிப்பெண், பழைய மதிப்பெண்கள், பிறகு எழுத்துத் தேர்வும் இன்டர்வியூவும். ஐஎஸ்பி, எஸ்பிஜேஐஎம்ஆர் போன்ற தனியார் நிறுவனங்கள், ஐஐஎம்களில் வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஓராண்டுப் படிப்புகள், வெளிநாட்டு மேலாண்மைப் பள்ளிகள் ஆகியவற்றில் கட்டுரையும் விண்ணப்பத்தின் உள்ளடக்கமும் நேரடியாக எடை போடப்படும். எந்தக் கதவு என்று முடிவு செய்யாமல் "எம்.பி.ஏ.வுக்கு அப்ளை பண்ணணும் சார்" என்று வந்து நிற்காதீர்கள். கேட் பதிவு வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கும், தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. ஜிமேட் (GMAT) என்ற சர்வதேசத் தேர்வின் மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். மீதியை அந்தந்தப் பள்ளியின் தளத்தில் படித்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் வேண்டாம்.

என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது வேறொன்று. நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேராவது சொல்லும் வசனம்: "நம்மகிட்ட சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? அப்பா விவசாயம், அவ்ளோதான்."

அவ்வளவுதானா?

வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவன். பொறியியல் படித்து, சென்னையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஐஎஸ்பிக்கு விண்ணப்பிக்க வந்தான். நெருக்கடியான நேரத்தில் எப்படிச் செயல்பட்டாய் என்ற மாதிரிக் கேள்விக்கு, கல்லூரிக் கலைவிழாவில் மைக் வேலை செய்யாமல் போனதையும் தான் அதைச் "சமாளித்ததையும்" முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். படித்து முடித்துவிட்டுச் சும்மா பேச்சுக்கொடுத்தேன். கஜா புயல் அடித்தபோது எங்கே இருந்தாய் என்று கேட்டேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்தது. அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். அவர்கள் தென்னந்தோப்பு முழுக்க விழுந்துவிட்டது. தெருவில் எல்லார் தோப்பும்தான்.

"அப்புறம் என்ன செஞ்சே?"

"ஒண்ணும் இல்லை சார். விஏஓ கூட மரம் எண்ணப் போனேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்தது. ஊரில் பல தோப்புகளில் பட்டா ஒருவர் பேரில், குத்தகைக்குப் பார்ப்பவர் இன்னொருவர். பணம் யாருக்கு என்று சண்டை. இதற்குள் சிலர் வழியை அடைத்துக் கிடந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்திவிட்டார்கள், எண்ண மரமே இல்லை. இவன் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டிருக்கிறான்: சர்வே எண், பட்டாதாரர், சாகுபடி செய்பவர், நிற்கும் மரம், விழுந்த மரம், அறுத்த மரமானால் அடிக்கட்டை. தகராறு உள்ள தோப்புகளில் இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி, எண்ணிக்கைக்கு அங்கேயே இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறான். பணப் பங்கை அப்புறம் பேசிக்கொள்ளுங்கள், எண்ணிக்கையில் சண்டை வேண்டாம் என்று பிரித்துவிட்டிருக்கிறான். கரண்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை.

"இதை ஏண்டா எழுதல?"

"அது எல்லாருக்கும் நடந்ததுதானே சார்."

இந்த ஒரு வரிதான் டெல்டாப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைக் கெடுக்கிறது. புயல் எல்லாருக்கும் நடந்தது, சரி. நோட்டில் கோடு போட்டது எல்லாருக்கும் நடந்ததா? பிசினஸ் ஸ்கூல் தேடுவது அந்தக் கோட்டைத்தான். தகவல் குழம்பிக் கிடக்கும்போது எதை முதலில் பிரித்தாய், யார் ஒத்துக்கொள்ளவில்லை, அவரை எப்படி உட்கார வைத்தாய், எதில் தோற்றாய். இதைவிட வேறென்ன மேலாண்மை வேண்டும்? பன்னாட்டுக் கம்பெனியில் பவர்பாயிண்ட் போட்டால்தான் மேலாண்மை என்று யார் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு?

இதையே வேறு வேறு உருவத்தில் பார்க்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சாலையோரம் கொட்டி உலர்த்தி, தார்ப்பாய்க்கும் ஆளுக்கும் கணக்குப் பார்த்து, தனியார் வியாபாரிக்குக் குறைந்த விலைக்கு இன்றே தள்ளுவதா, நாலு நாள் காத்திருப்பதா என்று அப்பாவோடு சேர்ந்து முடிவெடுத்த பெண், விண்ணப்பத்தில் தன் பொழுதுபோக்கு "நெட்வொர்க்கிங்" என்று எழுதுகிறாள். திருபுவனத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பையன் "ஃபேஷன் துறையில் ஆர்வம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான். சேலை தேங்கிக் கிடந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

உடனே அடுத்த கோடிக்கும் போய்விடாதீர்கள். இப்படி நான் சொன்னதும் சிலர் கண்ணீர்க்கதை எழுதிக்கொண்டு வருகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, அப்பா அழுதார், அம்மா பட்டினி கிடந்தார், நான் ஜெயிப்பேன். வறுமையைச் சரக்காக விற்காதீர்கள். படிப்பவருக்கு இரக்கம் வரும், இடம் வராது. நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள் என்பது ஒரு பத்தியிலாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் அப்பாவின் விண்ணப்பம்.

சரி, எப்படி எழுதுவது? முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினால் கை தானாக "பேஷனேட்", "டைனமிக்" என்று ஓடும், ஏனென்றால் வேறு வார்த்தை கைவசம் இல்லை. தமிழில் எழுதினால் தேதி வரும், ஊர் வரும், யார் என்ன சொன்னார் என்பது வரும். அதன்பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணம் திருத்தச் சாட்ஜிபிடியிடம் கொடுப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை, பள்ளியின் விதி அதை அனுமதித்தால். "எனக்கு ஒரு எஸ்ஓபி எழுதித் தா" என்று கேட்டு வாங்குவதற்கும் அந்த ஏஜென்ட்டிடம் வாங்குவதற்கும் வித்தியாசம் ஒன்றுதான், இதில் வளையல் மிச்சம். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இன்டர்வியூவில் மூன்று கேள்வி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

இனி அவசர விஷயம், கவனமாகப் படியுங்கள். இதில் ஒவ்வொரு வருஷமும் நல்ல பிள்ளைகள் அடிபடுகிறார்கள்.

உங்களிடம் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் தமிழ்நாட்டு அரசுக்கானது. ஐஐஎம் மத்திய நிறுவனம். அங்கே 27 சதவீத இடஒதுக்கீட்டில் கேட்பதற்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிகுந்த பிரிவில் (கிரீமி லேயர்) நீங்கள் இல்லை என்ற சான்று, வேண்டும். இரண்டும் ஒன்றில்லை, ஒன்றில்லை, ஒன்றில்லை. மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை, முதலில் அதைப் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் வரை போய் வர நாளாகும். நடப்பு நிதியாண்டில் வாங்கியதைத்தான் பெரும்பாலும் ஏற்பார்கள், அண்ணன் போன வருஷம் வாங்கியது உங்களுக்கு உதவாது. கேட் பதிவில் ஒருமுறை பிரிவைக் குறித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. "அப்புறம் பாத்துக்கலாம்"னு பொதுப் பிரிவில் போட்டுவிட்டு ஏப்ரலில் என்னிடம் வந்து அழாதீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. "எங்களுக்கு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டும் சார், கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் வீடுகள் உண்டு. கிரீமி லேயருக்கான அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவி தனிக் கணக்கு. நில உச்சவரம்பில் 85 சதவீதமோ அதற்கு மேலோ பாசன நிலம் வைத்திருப்பவர்களுக்கும் தனி விதி. வாத்தியார் வீட்டுப் பிள்ளையும் பத்து மா நிலக்காரர் பிள்ளையும் தாங்களாகவே கிரீமி லேயர் என்று முடிவு கட்டிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சிபாரிசுக் கடிதம். நம் ஊர்க் கல்லூரிகளில் ஹெச்ஓடி சொல்வார், "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்." பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் கட்டுரையும் கடிதமும் ஒரே கையில் எழுதியது என்பது படிப்பவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பள்ளிகள் பரிந்துரைப்பவரின் அலுவலக மின்னஞ்சலுக்கு நேரடியாக இணைப்பு அனுப்பும். ஜிமெயில் முகவரி கொடுத்தால் புருவம் உயரும். பெரிய பதவியில் இருக்கும் சித்தப்பாவை விட, உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த டீம் லீடர் மேல். அவரிடம் நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுங்கள், எழுதுவதை அவரிடம் விடுங்கள். மரியாதைக்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நேரமில்லை என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை வேறு ஆளைத் தேடிக்கொள்ளும்.

மாமா மண்டியில் இரண்டு வருஷம் "மேனேஜராக" இருந்ததாகச் சான்றிதழ் வாங்குகிறவர்களே, சம்பளம் வங்கியில் ஏறிய கணக்கைக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? மண்டியில் உண்மையாகவே உட்கார்ந்திருந்தால் அதை உள்ளபடி எழுதுங்கள். சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் வேலை செய்ததைச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. பொய் பிடிபட்டால் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்புவார்கள்.

கேட் எழுதுகிறவர்களுக்குச் சின்னதாக ஒன்று. மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். மொத்தப் பெர்சன்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு) அழகாக இருந்தும் அழைப்பு வராமல் போவதற்கு, நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆங்கிலப் பகுதியின் தனிக் கட்ஆஃப் காரணம். கணக்கில் புலியாக இருப்பது போதாது. தினம் ஒரு தலையங்கம் படியுங்கள், இன்றைக்கே தொடங்குங்கள். தேர்வு நாள் கார்த்திகை மழைக்காலம். மையம் திருச்சியில் விழுந்தால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

இன்டர்வியூவில் சொந்த ஊரைக் கேட்பார்கள். திருவாரூர் மாவட்டத்துப் பிள்ளைக்கு மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறப்பு என்று தெரியவில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வட்டி விகிதம் தெரிந்திருந்தது! 2018 பிப்ரவரி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கான காவிரி நீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது, 2020ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. இவை உங்கள் வீட்டுச் சமாச்சாரம். இதற்கு மேல், அந்த மண்டலச் சட்டத்தால் உங்கள் ஊரில் சில வகைத் தொழிற்சாலைகள் வராமல் போவது நல்லதா கெட்டதா என்று கேட்டால் உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை.

கடைசியாக அப்பாக்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய ஐஐஎம்களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும் என்று கேட்டதும் நஞ்சையை விலை பேசத் தொடங்கிவிடாதீர்கள். சேர்க்கைக் கடிதம் வரட்டும். நல்ல நிறுவனம் என்றால் வங்கிகள் அடமானம் இல்லாமலே கல்விக்கடன் கொடுக்கின்றன. 2024 நவம்பரில் அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்குப் பிணையும் ஜாமீனும் கிடையாது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. "சீட் நான் வாங்கித் தர்றேன், முன்பணம் மட்டும் கட்டுங்க" என்று கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் எவராவது சொன்னால், எந்தப் பள்ளி, எந்தக் கணக்கு, ரசீது யார் பேரில் என்று எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் படி இறங்கி வந்துவிடுங்கள். அவர் கேட்கும் முன்பணத்தில் பாதிகூட ஆகாது, பிள்ளை கேட், ஜிமேட் இரண்டுக்கும் கட்டணம் கட்டிவிடலாம்.